ஏவலும் இடமும்

மடையும் முறையும்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வளம் சேர்ப்பது காவிரியாறு. நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு படுகையணை அமைந்துள்ளது. அங்கிருந்து பிரியும் இராஜ வாய்க்காலின் நீரால் பரமத்தி வேலூர் வட்டாரத்து வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் தழைக்கின்றன. பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்களும், கிளை வாய்க்கால்களிலிருந்து வயல்களுக்குச் செல்லும் மடைகளும் பிரியும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் மிக எளிய வேலைகள். ஆயினும், அவற்றைச் செய்பவர் யார் என்பது எளிய வினா அன்று.

உடன்பிறந்தார் இருவர் ஒரே மடையால் நீர் பாயும் இரு வயல்களை உடையவர் எனக் கொள்க. இரவில் மூத்தவன் வந்து, நீரைத் தன் வயற்பக்கம் திருப்பிவிட்டு வீடு திரும்புகின்றான். சற்று நேரங்கழித்து இளையவன் வருகின்றான். தமையன் வந்து சென்றதை அவன் அறியான். மடையைத் தன் பக்கம் திருப்பிச் செல்கின்றான். மூத்தவன் மீண்டும் வருகின்றான். நீர் வேறு பக்கம் போவதைக் கண்டு திரும்பவும் மாற்றுகின்றான். பொழுது விடியும்போது இருவர் வயலும் அரைகுறையாக நனைந்து கிடக்கின்றன. உடைந்த வரப்பின் வழியே நீர் வீணே ஓடுகின்றது. இருவரும் சோம்பர் அல்லர், தீயவரும் அல்லர். இருவரும் உழைத்தனர், ஆயின், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல் உழைத்தனர்.

இவ்விடர் நேராதிருத்தற்பொருட்டே நம் முன்னோர் முறைப் பாசனம் என்னும் ஒழுங்கை வகுத்தனர். இன்னார்க்கு இன்ன நாழிகை என வரையறுத்தனர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் நீர்க்கட்டி என்னும் பெயரால் ஒருவரை அமர்த்தி, மடையைத் தொடும் உரிமையை அவர் ஒருவர்க்கே அளித்தனர். நீர் பலர்க்கும் பொது. மடையைத் தொடும் கை ஒன்றே. இவ்வறிவு கழனிக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்துக் கணினிக்குள்ளும் இதே இடர் தோன்றுகின்றது; இதே அறிவால்தான் அது தீர்கின்றது.

திரையும் சாளரங்களும்

கணினியின் திரையில் ஒரே சமயத்தில் பல கட்டங்களைத் திறந்து வைக்கலாம். ஒன்றில் கடிதம் இருக்கும்; மற்றொன்றில் கணக்கு இருக்கும்; பிறிதொன்றில் படம் இருக்கும். இக்கட்டங்களைச் சாளரங்கள் என்பர். அவற்றுள் ஒருவகைச் சாளரத்தில் படங்களோ பொத்தான்களோ இரா. வெறும் எழுத்துகளால் கட்டளை எழுதி, அதனைக் கணினி நிறைவேற்றுமாறு செய்வதற்கு அது பயன்படும். டெர்மினல் என வழங்கும் அதனைத் தமிழில் முனையம் என்பர். முனையம் மிகப் பணிவுள்ள ஏவலாளனைப் போன்றது. ‘படியெடு’ என்று எழுதினால் படியெடுக்கும். ‘அழி’ என்று எழுதினால் அழிக்கும். ‘மெய்யாகவே அழிக்கலாமா?’ என்று அது பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை.

நாள்தோறும் செய்யவேண்டிய கட்டளைகளை ஒவ்வொருமுறையும் கையால் எழுதுவது சலிப்புத் தருவது. ஆதலின், அக்கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, குறித்த வேளையில் கணினி தானே அவற்றை நிறைவேற்றுமாறு செய்வர். இவ்வாறு எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பே தானியங்கு நிரல் எனப்படும். அதற்குப் பசி இல்லை; உறக்கம் இல்லை; மறதியும் இல்லை. நள்ளிரவிலும் சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும்.

இனி, ஒரு நுட்பத்தை உற்று நோக்குதல் வேண்டும். சாளரங்கள் பல, விசைப்பலகையோ ஒன்று. விசைப்பலகையில் தட்டும் எழுத்து எந்தச் சாளரத்திற்குச் செல்லும்? பொதுவாக, அவ்வேளையில் திரையின் முன்னே நிற்கும் சாளரத்திற்கே செல்லும். மனிதன் தட்டும்போது இதனால் இடர் இல்லை. முன்னிற்பது யாது என்பதை அவன் கண்ணால் காண்கின்றான். தானியங்கு நிரலுக்கோ கண் இல்லை. ‘முன்னிற்கும் சாளரத்தில் இதனை எழுதுக’ என்று அதற்குக் கற்பித்திருந்தால், முன்னிற்பது எதுவாயினும் அதில் எழுதிவிடும்.

நேரும் குழப்பம்

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்திற்கென்றே முட்டை விலையை அறிவிக்கின்றது. அத்தகைய ஊரில் ஒரு பண்ணையின் அலுவலகம் இருப்பதாகவும், அங்குள்ள கணினியில் இரண்டு தானியங்கு நிரல்கள் இயங்குவதாகவும் கொள்க. முதல் நிரல், கொட்டகைதோறும் வந்த முட்டைக் கணக்கைத் தொகுப்பது. இரண்டாம் நிரல், முட்டை ஏற்றிச் சென்ற லாரிகளின் விவரத்தைப் பேரேட்டில் பதிவது. இரண்டும் முனையச் சாளரங்களைத் திறந்து, முன்னிற்கும் சாளரத்தில் கட்டளை எழுதும் வகையில் அமைந்தவை.

முதல் நிரலின் வேலை நான்கு படிகளை உடையது. முதலில் ஒரு சாளரத்தைத் திறக்கும். அடுத்து, தற்காலிகக் குறிப்புகள் உள்ள கோப்புறைக்குச் செல்லும். மூன்றாவதாக, அவற்றைக் கூட்டித் தொகை காணும். இறுதியில் ‘இங்குள்ளவற்றை அழி’ என்று எழுதும். தொகை கண்டபின் குறிப்புகளால் பயனில்லை. ஆதலின் அழித்தல் முறையே.

ஒருநாள், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே இரண்டாம் நிரல் எழுகின்றது. அது தனக்கென ஒரு சாளரத்தைத் திறந்து, பேரேடு உள்ள கோப்புறைக்குச் சென்று நிற்கின்றது. புதிதாகத் திறந்த சாளரமாதலின், அதுவே முன்னிற்கின்றது. இதனை அறியாத முதல் நிரல், தன் நான்காம் கட்டளையை எழுதுகின்றது: ‘இங்குள்ளவற்றை அழி.’ அக்கட்டளை பேரேட்டின் சாளரத்தில் சென்று விழுகின்றது. இமைப்பொழுதில் ஓராண்டுத் தீவனக் கணக்கும், குஞ்சுக் கணக்கும், வரவேண்டிய பணத்தின் விவரமும் மறைகின்றன. நிரல் பிழைபட எழுதவில்லை. எழுதிய இடமே பிழைபட்டது.

இக்குழப்பம் நாள்தோறும் நேர்ந்தால் விரைவில் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். அரிதாக நேர்வதே இதன் கொடுமை. முதல் நிரல் 10 நிமிடத்திற்கு ஒருமுறையும், இரண்டாம் நிரல் 15 நிமிடத்திற்கு ஒருமுறையும் எழுவதாக வைத்துக்கொள்க. 10, 15 என்னும் இரண்டெண்களின் மீச்சிறு பொது மடங்கு 30. ஆகவே, 30 நிமிடத்திற்கு ஒருமுறையே இரண்டும் ஒருங்கே எழும். இடையில் 20 நிமிடம் அமர்ந்து சோதித்தவர், ‘யாவும் செம்மையாக நடக்கின்றன’ என்று கூறி எழுந்து செல்வர். ஒருங்கே எழும்போதும், ஒன்று மற்றொன்றின் இடையே புகுவது சில நொடிகளின் வேறுபாட்டைப் பொறுத்தது. ஆதலின், ஒத்திகையில் தோன்றாத பிழை ஒரு நாள் திடீரெனத் தோன்றும்.

இதனைத் தீர்க்க எண்ணிச் சிலர், ஒவ்வொரு கட்டளைக்கும் இடையே இரண்டு நொடி காத்திருக்குமாறு நிரலை மாற்றுவர். அது தீர்வு ஆகாது. தமையன் மெல்ல நடந்து வருவதனால் தம்பி மடையைத் தொடாதிருப்பானா? காத்திருக்கும் நேரம் கூடக்கூட, மற்றொன்று இடையே புகுவதற்கு வாய்ப்பும் கூடும்.

குழப்பம் தோன்றிய வரலாறு

தொடக்க காலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. முனையம் என்பது அந்நாளில் ஒரு தனிப் பொருள். விசைப்பலகையும் திரையும் கூடிய அக்கருவி, தொலைவில் உள்ள பெரிய கணினியோடு கம்பியால் இணைந்திருக்கும். 1978-ஆம் ஆண்டில் வெளிவந்த விடி-100 என்னும் முனையம் அவ்வகையில் புகழ்பெற்றது. ஒரு மேசை, ஒரு முனையம், ஒரு பணியாளர் என்பதே அன்றைய நிலை. ‘எந்த முனையத்தில் எழுதுவது?’ என்று எவரும் கேட்டதில்லை.

அமெரிக்க நாட்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973-ஆம் ஆண்டில் ஆல்ட்டோ என்னும் கணினி உருவாயிற்று. ஒரே திரையில் பல சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும் முறை அங்கு வளர்ந்தது. பின்னர் அம்முறை உலகெங்கும் பரவிற்று. தனிக்கருவியாக இருந்த முனையமும் திரையில் ஒரு சாளரமாகச் சுருங்கியது. ஒரே திரையில் பத்து முனையங்களைத் திறத்தல் இன்று எளிது. வசதி பெருகியது, அதனுடன் ‘எது?’ என்னும் வினாவும் பிறந்தது.

சுட்டும் பெயரும்

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்வினா புதிதன்று. பெயர்ச்சொற்களுள் இயற்பெயர் என ஒன்றும், சுட்டுப்பெயர் என ஒன்றும் உண்டு. முருகன் என்பது இயற்பெயர். அவன் என்பது சுட்டுப்பெயர். முருகன் எங்குச் சென்றாலும் முருகனே. அவன் என்னும் சொல்லோ, சொல்லும் இடத்தையும் வேளையையும் பொறுத்து வேறு வேறு ஆளைக் குறிக்கும். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருமிடத்து, வழக்கில் இயற்பெயரை முன்னர்க் கூறிச் சுட்டுப்பெயரைப் பின்னர்க் கூறவேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் உணர்த்தும் முறை. ‘முருகன் வந்தான், அவனுக்கு நீர் கொடு’ என்றால் பொருள் தெளிவாகும். ‘அவனுக்கு நீர் கொடு; முருகன் வந்தான்’ என்றால், நீர் யார்க்கு என்பது ஐயமாகும்.

‘முன்னிற்கும் சாளரம்’ என்பது பெயர்போலத் தோன்றினும், தன்மையில் சுட்டே ஆகும். அது ஒரு சாளரத்தைக் குறிப்பதன்று. சாளரம் நிற்கும் ஓர் இடத்தைக் குறிப்பது. இருக்கையில் அமர்ந்தவர் மாறினால் அதன் பொருளும் மாறும். ‘இங்குள்ளவற்றை அழி’ என்னும் கட்டளையில் உள்ள ‘இங்கு’ என்பதும் அத்தகைய சுட்டே. பண்ணைக் கணக்கை அழித்தவை இவ்விரண்டு சுட்டுகளே ஆம்.

ஆதலின், முதல் தீர்வு பெயரிட்டு அழைப்பதாகும். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர அமைப்பில், ஒவ்வொரு சாளரத்திற்கும் ஓர் எண் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தார் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழியில் ‘முன்னிற்கும் சாளரம்’ என்றும் கூறலாம். குறித்த எண்ணுடைய சாளரம் என்றும் கூறலாம். சாளரத்தைத் திறக்கும்பொழுதே அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்வரும் கட்டளைகளையெல்லாம் அவ்வெண்ணுக்கே அனுப்புமாறு நிரலை எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதினால், வேறு எச்சாளரம் முன்வந்து நின்றாலும் கட்டளை வழி தவறாது. இவ்வாறே ‘இங்கு’ என்னாது, கோப்புறையின் முழுப் பெயரையும் கூறுதல் வேண்டும்.

இதனினும் சிறந்த வழியும் உண்டு. சாளரம் மனிதன் கண்டறிவதற்காக அமைந்தது. நிரலுக்குப் பெரும்பாலும் சாளரமே வேண்டுவதில்லை. திரையில் தோன்றாமலே இயங்கும் முனைய அமர்வுகளை உண்டாக்கி, அவற்றுக்குப் பெயரிடும் கருவிகள் உள்ளன. 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கிரீன், 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த டீமக்ஸ் என்பன அவ்வகையின. ஒவ்வொரு நிரலுக்கும் தனி அமர்வு அளித்துப் பெயர் சூட்டிவிட்டால், ஒன்றன் கட்டளை மற்றொன்றன் இடத்தில் விழுதற்கு வழியே இல்லை. ஆளுக்கொரு மடை அமைத்துக் கொடுப்பதை இஃது ஒக்கும்.

ஒற்றைத் தடமும் அடையாளமும்

ஆயினும், எல்லாவற்றையும் தனித்தனியே பகுத்தளிக்க இயலாது. பண்ணைக்குப் பேரேடு ஒன்றே. இரண்டு நிரல்களும் அதனைச் சரியான பெயர் சொல்லியே அழைத்து, ஒரே வேளையில் எழுத முற்படலாம். அப்பொழுது பெயர் மட்டும் காவாது. யார் முதலில், யார் பின்னர் என்னும் முறை வேண்டும். இம்முறையை இருப்புப்பாதைத் துறையினர் கணினி தோன்றுவதற்கு முன்பே பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றறிந்தனர்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் இருப்புப்பாதையில் 2013-ஆம் ஆண்டில் இரயில் போக்குவரத்துத் தொடங்கிற்று. அது ஒற்றைத் தடமாக அமைக்கப்பட்ட பாதை. ஒற்றைத் தடத்தில், இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் எதிரெதிரே இரு வண்டிகள் புகுந்தால், விலகிச் செல்ல வழியில்லை. ஆகவே, எப்பொழுதும் ஒரு வண்டிக்கே அப்பகுதியில் உரிமை உண்டு.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகில் தார்ப் என்னுமிடத்தில் இவ்வுரிமை குழம்பிற்று. அங்கு ஒற்றைத் தடத்தில் வண்டிகளை விடுவதற்குத் தந்திச் செய்தியையே நம்பியிருந்தனர். செய்தி அனுப்புவதில் நேர்ந்த பிழையால், இரு முனைகளிலிருந்தும் வண்டிகள் புறப்பட இசைவு கிடைத்துவிட்டது. பிழையை உணர்ந்து, எதிர் வண்டியை நிறுத்துமாறு உடனே தந்தி கொடுத்தனர். ‘வண்டி புறப்பட்டுவிட்டது’ என்னும் விடையே வந்தது. இரு வண்டிகளும் இருளில் நேருக்கு நேர் மோதின. 25 பேர் உயிரிழந்தனர். ஓட்டுநர் இருவரும் ஆணையை மீறியவர் அல்லர். இருவர் கையிலும் ஆணை இருந்தது; அதுவே அழிவுக்குக் காரணமாயிற்று.

செய்தி என்பது பலர்க்கும் ஒரே வேளையில் செல்லக்கூடியது. பொருள் என்பது ஒருவர் கையில்தான் இருக்கக்கூடியது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, ஒற்றைத் தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோல் வைக்கும் வழக்கம் முன்னரே சில இடங்களில் இருந்தது. கோல் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதியில் புகலாகாது. இம்முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே திசையில் இரு வண்டிகள் அடுத்தடுத்துச் செல்ல வேண்டுமாயின், முதல் வண்டியுடன் கோல் மறுமுனைக்குப் போய்விடும். அடுத்த வண்டி கோலின்றி நிற்கும். இதனைத் தீர்க்க, எட்வர்டு டையர் என்பவர் 1878-ஆம் ஆண்டில் ஒரு மின்பொறியை அமைத்தார். இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கும். ஒவ்வொன்றிலும் பல அடையாள வில்லைகள் இருக்கும். இரு பொறிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பொறிக்குள் இடப்படும்வரை, எந்த நிலையத்திலும் இன்னொரு வில்லையை எடுக்க இயலாது.

இந்திய இருப்புப்பாதைகளிலும் இவ்வகைப் பொறிகள் நெடுங்காலம் பயன்பட்டன. நீல் என்பார் பெயரால் வழங்கும் பொறியில் வில்லைக்கு மாறாக உலோகப் பந்து இருக்கும். அதனைப் பையிலிட்டு, வளையத்தில் கோத்து, ஓடும் வண்டியிலேயே ஓட்டுநர் கைமாற்றிக் கொள்வதுண்டு. டோக்கன் என மக்கள் அறிந்திருந்தது அதுவே. பிற்காலத்தில் பல தடங்களில் டோக்கனுக்கு ஈடாக மின்னணுக் கருவிகள் வந்தன. கருவி மாறினும், ஒரு பகுதியில் ஒரு வண்டி என்னும் விதி மாறவில்லை.

கைகாட்டி கணினிக்குள் வந்தமை

நெதர்லாந்து நாட்டு அறிஞரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரே கணினியில் இயங்கும் பல நிரல்கள் ஒரு பொதுப்பொருளை மோதலின்றிப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை ஆராய்ந்தார். 1965-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை அத்துறையின் அடிப்படையாயிற்று. அவர் வகுத்த கருவிக்குச் செமஃபோர் என்று பெயர். இருப்புப்பாதையில் வண்டியை நிறுத்தவும் விடவும் பயன்படும் கைகாட்டி மரத்தின் பெயரே அது. பொதுப்பொருளைத் தொடுமுன் நிரல் கைகாட்டியை நோக்கும். வழி திறந்திருந்தால், அதனை அடைத்துவிட்டு உள்ளே செல்லும். அடைபட்டிருந்தால், வெளியே காத்து நிற்கும். வேலை முடிந்ததும், வெளியேறும் நிரல் மீண்டும் வழியைத் திறந்துவிடும்.

தானியங்கு நிரல்களிலும் இம்முறையை எளிதாகக் கையாளலாம். பேரேட்டில் எழுத விழையும் நிரல், முதலில் ஒரு சிறு கோப்பை உண்டாக்கும். அதனைப் பூட்டுக் கோப்பு என்பர். அக்கோப்பு இருக்கும்வரை வேறு நிரல் பேரேட்டைத் தொடாது. வேலை முடிந்ததும், உண்டாக்கிய நிரலே அதனை நீக்கிவிடும். ஓட்டுநர் கையில் உள்ள டோக்கனுக்கும் இப்பூட்டுக் கோப்புக்கும் வேறுபாடு இல்லை.

பூட்டின் மூன்று இடர்கள்

பூட்டு வைத்துவிட்டதனாலேயே காவல் முடிந்துவிடாது. மூன்று இடர்களை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, பார்த்தலும் எடுத்தலும் பிரிந்து நிற்பதால் வருவது. ஒரு நிரல் ‘பூட்டு உள்ளதா?’ என்று பார்க்கின்றது, இல்லை. அது பூட்டை உண்டாக்குமுன், மற்றொரு நிரலும் பார்க்கின்றது; அதற்கும் இல்லை. பின்னர் இரண்டும் பூட்டை உண்டாக்கி, இரண்டும் உள்ளே புகுகின்றன. இதனைத் தடுக்க, பார்த்தலும் எடுத்தலும் பிரிக்கவியலாத ஒரே செயலாக இருத்தல் வேண்டும். ‘முன்னரே இல்லையாயின் மட்டும் உண்டாக்குக’ என்னும் ஒரே கட்டளையாக அதனைக் கணினியிடம் கேட்கலாம். இருவர் ஒருங்கே கேட்டாலும் ஒருவர்க்கே அது கிட்டும். டையரின் பொறி மின்கம்பியால் செய்ததும் இதுவே.

இரண்டாவது, உரியவன் இறந்தபின்னும் பூட்டு நிற்பது. பூட்டை வைத்த நிரல் மின்தடையாலோ வேறு காரணத்தாலோ இடையில் நின்றுவிட்டால், பூட்டை நீக்குவார் இல்லை. மற்ற நிரல்கள் முடிவின்றிக் காத்து நிற்கும். ஆதலின், பூட்டுக் கோப்புக்குள் அதனை வைத்த நிரலின் எண்ணையும் எழுதி வைப்பர். அவ்வெண்ணுடைய நிரல் உயிரோடு இல்லையாயின், பூட்டைக் கைவிடப்பட்டதாகக் கருதி நீக்கலாம்.

மூன்றாவது, இருவர் ஒருவரையொருவர் எதிர்நோக்கி முடங்குவது. வரப்பைச் சீர்செய்ய மண்வெட்டியும் வேண்டும், கூடையும் வேண்டும். ஒருவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடைக்காகக் காத்திருக்கின்றான். மற்றவன் கூடையை எடுத்துக்கொண்டு மண்வெட்டிக்காகக் காத்திருக்கின்றான். இருவரும் கையிலுள்ளதைக் கீழே வைக்க மறுத்தால், வரப்பு உடைந்தபடியே கிடக்கும். முதலில் மண்வெட்டி, பின்னர்க் கூடை என யாவரும் ஒரே வரிசையில் எடுக்கவேண்டும் என்று விதித்துவிட்டால் இம்முடக்கம் நேராது. பல பூட்டுகள் வேண்டும் நிரல்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

முறை பிழைத்த நாள்

இவை சிறு நுணுக்கங்கள் என எண்ணி இகழ்தல் கூடாது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஒஹையோ மாநிலத்து மின்கட்டுப்பாட்டு அறையில் இருந்த எச்சரிக்கை நிரல் செயலற்றுப் போனமை. ஒரே தரவை ஒரு வேளையில் ஒரு செயலே மாற்றவேண்டும் என்பது அந்நிரலின் விதி. அதில் மறைந்திருந்த ஒரு பிழையால், இரண்டு செயல்கள் ஒரே வேளையில் அத்தரவை மாற்றும் உரிமையைப் பெற்றன. தரவு சிதைந்தது, எச்சரிக்கை நிரல் முடிவற்ற சுழலில் சிக்கிற்று. மின்கம்பிகள் வெப்பத்தால் தொய்ந்து மரங்களைத் தொட்டுச் செயலிழந்தபோதும், அறையில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. மணி ஒலிக்காமையால், யாவும் நலமென்றே பணியாளர் கருதியிருந்தனர்.

தம்பியும் தமையனும் ஒரே மடையைத் தொட்டதற்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு. தன்மையில் வேறுபாடு இல்லை.

முடிவுரை

பண்ணைக் கணினியின் இரண்டு நிரல்களும் இவ்வறிவால் திருந்துவதாகக் கொள்க. முதல் நிரல், தான் திறந்த சாளரத்தின் எண்ணைக் குறித்துக்கொள்கின்றது. ‘இங்கு’ என்னாது, அழிக்கவேண்டிய கோப்புறையின் முழுப் பெயரையும் கூறுகின்றது. பேரேட்டைத் தொடும் முன் இரண்டும் பூட்டைக் கேட்டுப் பெறுகின்றன. வேலை முடிந்ததும் விட்டுவிடுகின்றன. இவற்றோடு, நாள்தோறும் பேரேட்டின் ஒரு படியை வேறிடத்தில் சேமித்து வைப்பதும் ஒரு காவல். இனி இரண்டும் ஒருங்கே எழுந்தாலும், ஒன்று சில நொடிகள் காத்து நிற்குமேயன்றிக் கணக்குக்குக் கேடு வாராது.

ஏவல் எத்துணைச் செம்மையாக இருந்தாலும், அது சென்று சேரும் இடம் தவறினால் தீமையே விளையும். கையால் செய்யும் வேலையில் கண் உடனிருந்து காக்கும். தானே இயங்கும் கருவியிடம் வேலையை ஒப்படைப்போர், அக்கண்ணின் காவலையும் பெயராலும் முறையாலும் அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். யார்க்கு உரியது என்பதைப் பெயரிட்டுக் கூறுதல், ஒருவர் தொடும்பொழுது மற்றவர் காத்து நிற்றல், முடிந்தவுடன் மறவாது விடுத்தல் ஆகிய மூன்றும் ஊர் வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோர் அறிந்தவையே. மண்வெட்டியைத் தோளில் தாங்கி, தன் முறை வரும்வரை வரப்பின்மேல் அமர்ந்திருக்கும் உழவன் அறிந்த அம்முறையைக் கணினிக்கும் கற்பித்தல் நிரல் எழுதுவோரின் கடமையாகும்.